தங்கமலையின் கதவு

எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஏழு மணிக்குள் செய்தித்தாள் நான்கு துண்டாகிவிடும். சினிமாப் பக்கம் ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம், ராசிபலன் கடைக்கார அண்ணனின் மச்சானிடம். யாரும் கேட்காத வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் கைக்கு வரும். அன்று அதில் சீனச் சரக்குகளுக்கு அமெரிக்கா வரி ஏற்றிய செய்தி. டீ ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்த அண்ணன் கேட்டார்: "ஏன் சார், இவங்க ரெண்டு பேருக்கும் எப்பவுமே ஆகாதா? பங்காளிச் சண்டை மாதிரி பரம்பரையா வர்றதா?"

அரசாங்கங்களைக் கேட்கிறீர்களா, ஜனங்களைக் கேட்கிறீர்களா என்றேன். "அரசாங்கத்தை விடுங்க, அது எங்கேயும் அப்படித்தான். ஜனங்க?" அவர் கேட்டது நல்ல கேள்வி. அன்று கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் ஒரு டீயோடு உட்காருங்கள், கொஞ்சம் நீளம்.

அந்த டீயிலிருந்தே தொடங்கலாம். 'தேயிலை' என்ற நம் சொல்லில் இருக்கும் 'தே', சீனாவின் பூஜியன் கடற்கரை மக்களின் உச்சரிப்பு. டச்சு வணிகர்கள் அந்தக் கரையில் சரக்கு எடுத்ததால் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு 'தே' போனது, ஆங்கிலத்தில் 'டீ' ஆனது. கன்னியாகுமரிப் பக்கம் 'சாயா' என்கிறார்களே, அது சீனாவின் மற்ற பகுதிகள் சொல்லும் 'சா'வின் வழி. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். பெட்டிக்குள் இருந்தது சீனத் தேயிலை என்பதை என் வாத்தியார் சொன்னதாக நினைவில்லை. அசாமில் தோட்டம் போடவே அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கொட்டியவர்களில் யாரும் ஒரு சீனரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. சரக்கு தெரியும், ஆளைத் தெரியாது. இந்த உறவின் பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

விடுதலை கிடைத்ததும் பிரிட்டிஷ் துறைமுகங்கள் பல அமெரிக்கர்களுக்கு அடைபட்டன. டீ இல்லாமல் இருக்க முடியுமா? 1784 பிப்ரவரி 22 அன்று 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து நேரே கேன்டனுக்கு (இன்றைய குவாங்சோ) கிளம்பியது. சீனர்கள் வாங்கக்கூடிய பொருளாக அமெரிக்காவிடம் என்ன இருந்தது? அப்பலாச்சியன் காடுகளில் தோண்டி எடுத்த ஜின்செங் வேர், ஏறக்குறைய 30 டன். அடுத்த ஆண்டு மே மாதம் தேயிலையும் பீங்கானுமாகத் திரும்பி வந்து நல்ல லாபம் பார்த்தார்கள். நட்சத்திரம் போட்ட கொடியைக் கண்ட கேன்டன்காரர்கள் அதைப் பூப்போட்ட கொடி என்று நினைத்து, வந்தவர்களைப் 'பூக்கொடிக்காரர்' என்றார்கள். இன்றும் சீன மருந்துக் கடையில் அமெரிக்க ஜின்செங்கின் பெயர் 'பூக்கொடி வேர்' என்பதுதான். சிட்டி பேங்க்கும் அங்கே 'பூக்கொடி வங்கி'.

பெயர் அழகாக இருந்தது, வியாபாரம் அப்படியே நிற்கவில்லை. வேர் எவ்வளவுதான் விற்கும்? பிரிட்டிஷ்காரர் இந்திய அபினை விற்ற அதே கரையில் அமெரிக்கக் கம்பெனிகளும் அபின் விற்றன. அதில் பெரிய கம்பெனி ரஸ்ஸல். அதன் பங்குதாரர்களில் ஒருவர் வாரன் டெலானோ. பெயரை ஞாபகத்தில் வையுங்கள், அவருடைய பேரன் பிறகு வருவார்.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. குவாங்டாங் மாகாணத்தில், குறிப்பாக டைஷான் வட்டாரத்தில், வறுமையும் கலகமுமாக இருந்த கிராமங்களுக்கு அந்தச் செய்தி 'காம் சான்' என்ற இரண்டு அசைகளில் வந்து சேர்ந்தது. தங்கமலை. 1852இல் மட்டும் சுமார் 20,000 பேர் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். பின்னால் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தபோது மெல்பர்ன் 'புதுத் தங்கமலை' ஆகிவிட, சான் பிரான்சிஸ்கோ 'பழைய தங்கமலை' ஆயிற்று. சீன வரைபடத்தில் இன்றைக்கும் அதுதான் அந்த ஊரின் பெயர்.

வந்தவர்களை முதலில் யாரும் அடிக்கவில்லை. தங்கம் குறையக் குறையத்தான் முகம் மாறியது. வெளிநாட்டுச் சுரங்கக்காரர் என்று மாதாந்திர வரி போட்டார்கள். அதை வசூலித்தது பெரும்பாலும் சீனர்களிடம். 1854இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கண்ணெதிரே கொலை நடந்தாலும், பார்த்தவர் சீனராக மட்டும் இருந்தால், சட்டத்தின் கணக்கில் அதை யாரும் பார்க்கவில்லை.

பிறகு ரயில் வந்தது. மேற்கிலிருந்து கிழக்கே பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்கு வேலைக்கு ஆள் நிற்கவில்லை. சேர்ந்த வெள்ளையர்கள் வெள்ளிச் சுரங்கம் பார்க்க ஓடிவிட்டார்கள். உடம்பு சிறுத்தவர்கள், இவர்களால் பாறை உடைக்க முடியுமா என்ற சந்தேகத்தோடுதான் சீனர்களை எடுத்தார்கள். கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேல். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை நைட்ரோகிளிசரின் வைத்துப் பிளந்து, ஒரு நாளைக்கு ஒரு அடி, சில நாள் அதுவும் இல்லை என்று குடைந்தார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிச்சரிவுகள் கூடாரங்களோடு ஆட்களை வாரிக்கொண்டு போயின. உடல்கள் பனி உருகிய பிறகுதான் கிடைத்தன.

இங்கே மறுபடி டீ வருகிறது. மற்ற தொழிலாளிகள் ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுக்கடுப்பில் படுத்தபோது சீனர்கள் அவ்வளவாகப் படுக்கவில்லை. அவர்கள் கொதித்த தண்ணீரில் போட்ட டீயைத்தான் நாள் முழுக்கக் குடித்தார்கள். காலியான வெடிமருந்துப் பீப்பாய்களைக் கழுவி, மூங்கில் கழியின் இரு முனையிலும் காவடிபோல் கட்டி, ஒரு ஆள் மலை ஏறி வேலையிடத்துக்கே டீ கொண்டுவந்து ஊற்றுவான். கடைக்கார அண்ணன் இதைக் கேட்டதும் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "டெலிவரி அப்பவே இருந்திருக்கு" என்றார்.

1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிகள் ஒரே நாளில் கருவிகளைக் கீழே போட்டார்கள். சத்தம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. வெள்ளையருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் போகத் தருகிற கூலியை எங்களுக்கும் கொடு, சுரங்கத்துக்குள் நேரத்தைக் குறை, அவ்வளவுதான் கோரிக்கை. கம்பெனியின் சார்லஸ் குரோக்கர் மலைமேல் அரிசி போவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலை நிறுத்தம் முடிந்தது.

1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்தன. அன்று எடுத்த புகழ்பெற்ற படத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கிறார்கள், சீன முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் போட்ட சாதனையில் இரும்பைத் தூக்கிக் கொடுத்த எட்டு ஐரிஷ்காரர்களின் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்குக் கூட வேலை செய்த சீனர் ஒருவரின் பெயரும் இல்லை. அந்த ரயில் தொழிலாளிகள் எழுதிய கடிதம் ஒன்றாவது கிடைக்குமா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு நாட்டிலும் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுதான் அந்த ரயில் கம்பெனியின் தலைவர்.

1873இல் பொருளாதாரம் சரிந்து வேலை போனபோது குற்றவாளி தயாராக இருந்தார். குறைந்த கூலிக்கு வருகிறவன் சீனன், அவனைத் துரத்து என்று சான் பிரான்சிஸ்கோவின் காலி மனைகளில் மேடை போட்டுக் கத்தியவர் டெனிஸ் கேர்னி. அவரே அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். பஸ்ஸில் தொற்றி ஏறியவன், ஏறிய மறு நிமிஷம் "உள்ளே இடமில்லை" என்று கத்துவானே, அந்த ரகம்.

1882இல் சீனத் தொழிலாளிகள் நுழையவே கூடாது என்று சட்டம் வந்தது. ஒரு குறிப்பிட்ட நாட்டுத் தொழிலாளிகளைப் பெயர் சொல்லி அமெரிக்கா தடுத்தது அதுதான் முதல் தடவை. வணிகர், மாணவர், ஆசிரியர், தூதர் வரலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் குடியுரிமை பெற முடியாது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1888இல் அதையும் ஒரே கையெழுத்தில் செல்லாது என்று ஆக்கினார்கள். சான்றிதழை நம்பிக் கல்யாணத்துக்கும் தாயைப் பார்க்கவும் ஊருக்குப் போயிருந்த சுமார் 20,000 பேர் வெளியே மாட்டிக்கொண்டார்கள். அதில் நூற்றுக்கணக்கானோர் அப்போது நடுக்கடலில் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் மறக்க முடியாத காட்சி அதுதான்: கையில் அரசு முத்திரை போட்ட காகிதத்தோடு, பெட்டி படுக்கையோடு, கரையைப் பார்த்தபடி நிற்கும் ஆள்.

அடித்தும் விரட்டினார்கள். 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. அந்த வருடமே டகோமா நகரம் தன் சீனர் அத்தனை பேரையும் மழையில் நடத்தி ரயில் நிலையத்துக்கு அனுப்பியது.

இதெல்லாம் நடந்து 1899இல் வேடிக்கை ஒன்று. சீனாவைக் கூறுபோட்டுக்கொண்டிருந்த வல்லரசுகளுக்கு அமெரிக்கா ஒரு குறிப்பு அனுப்பியது: சீனாவின் வாசல் எல்லா நாட்டு வணிகர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். வரலாற்றுப் புத்தகங்களில் இதன் பெயர் 'திறந்த கதவுக் கொள்கை'. தன் வாசலில் சீனருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து வை என்கிற இந்தத் துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதை முழுக்கவே மனிதர்களின் மனம் மாறியதைவிடக் கதவு திறந்து மூடியதுதான் அதிகம். மனம் பெரும்பாலும் கதவின் பின்னாலேயே போனது.

பூட்டு இருந்தால் சாவியும் பிறக்கும். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் சீனா போய்த் திரும்பியபோது இறங்க விடவில்லை. சீனச் சங்கங்கள் பணம் போட்டு வழக்கு நடத்தின. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கரே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு அங்கே பிறக்கிற நம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைப்பதற்குப் பின்னால் அந்தச் சமையற்காரர் நிற்கிறார்.

அடுத்த சாவியை இயற்கை கொடுத்தது. 1906 ஏப்ரல் பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. பல சீனர்கள் நாங்கள் இங்கேதான் பிறந்தோம் என்றார்கள். இல்லை என்று நிரூபிக்கக் காகிதம் இல்லை. குடிமகன் ஆகிவிட்டால் மகனை அழைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் "ஒரு மகன் பிறந்தான்" என்று பதிவு செய்துவிட்டு, அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு விற்பார்கள். 'காகித மகன்' என்று அதற்குப் பெயர். பையன் சொந்தப் பெயரை ஊரில் விட்டுவிட்டு வேறொரு குடும்பத்தின் பெயரில் வந்து, அதிலேயே வாழ்ந்து, அதிலேயே செத்தான். கல்லறையில் மட்டும் சீன எழுத்தில் உண்மைப் பெயர் இருக்கும்.

அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்தது? படிக்கட்டு எத்தனை? உன் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார்? அரிசிப் பானை எங்கே? நூற்றுக்கணக்கான கேள்விகள். பதிலைத் தந்தையிடமும் தனியாகக் கேட்டு ஒப்பிடுவார்கள். காகித மகன்கள் கப்பலில் வரும்போதே பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்து, கரை தெரிந்ததும் கடலில் எறிவார்கள். உண்மையான மகன்களும்தான் தடுமாறினார்கள். உங்கள் வீட்டு மாடிப்படி எத்தனை, எண்ணாமல் சொல்லுங்கள் பார்ப்போம். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருந்த அந்த மரக் கொட்டகையின் சுவர்களில் கவிதைகளைச் செதுக்கி வைத்தார்கள். கட்டடத்தை இடிக்க இருந்த நேரத்தில், 1970இல், ஒரு பூங்காக் காவலர் டார்ச் விளக்கடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். இருநூறுக்கும் மேல் தேறியது.

சட்டம் வணிகர்களை விட்டது என்றேனே, 1915இல் ஒரு நீதிமன்றம் உணவகம் நடத்துகிறவரையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. அமெரிக்காவின் சந்து பொந்தெல்லாம் சீன உணவகம் முளைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். சாப் சூயி என்ற, சீனாவில் யாரும் அந்த வடிவில் சாப்பிடாத பண்டம் அமெரிக்காவின் செல்லப் பிள்ளை ஆனது. அதுதான் ஊர் சுற்றி, மொறுமொறு நூடுல்ஸும் தக்காளிச் சாறுமாக வேஷம் மாறி, நம் ஊர் ஓட்டல் அட்டையில் 'அமெரிக்கன் சாப்ஸி' என்று உட்கார்ந்திருக்கிறது. ஆளை வேண்டாம் என்றவர்கள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள்.

எல்லாரும் வேண்டாம் என்றார்கள் என்பதும் சரியில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1854இல் பட்டம் வாங்கிய யுங் விங், சீன அரசை இணங்கவைத்து 1872 முதல் 120 சிறுவர்களைக் கனெக்டிகட் மாநிலத்துக்குக் கூட்டி வந்தார். வீடு வீடாகப் பிரித்து வளர்த்தார்கள். பையன்கள் பேஸ்பால் ஆடினார்கள், நடனத்துக்குப் போனார்கள், பின்னலை வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். பயந்துபோன பீஜிங் 1881இல் எல்லாரையும் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான ஜான் தியன்யூதான் பிறகு பீஜிங்–ஜாங்ஜியாகோ ரயில் பாதையை வெளிநாட்டுப் பொறியாளர் துணையில்லாமல் கட்டினார். யுங் விங்கின் அமெரிக்கக் குடியுரிமையை 1898இல் ரத்து செய்தார்கள். வோங் கிம் ஆர்க் வழக்கில் தீர்ப்பு வந்த அதே வருடம்.

சீன மக்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1905இல் ஷாங்காயிலும் கேன்டனிலும் அமெரிக்கப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். தூர தேசத்தில் தங்கள் ஆட்களை நடத்தும் விதத்துக்காக ஒரு மக்கள் கூட்டம் கடையில் சாமான் வாங்க மறுத்தது சீனாவில் புதுசு. அமெரிக்கா யோசித்தது. வெளிநாட்டாருக்கு எதிராக நடந்த பாக்ஸர் கலகத்துக்காகச் சீனாவிடம் கறந்த தண்டப் பணத்தில் ஒரு பகுதியை 1908இல் திருப்பிக் கொடுத்து, அதைக் கொண்டு சீன மாணவர்களை அமெரிக்காவில் படிக்கவைக்கச் செய்தது. அந்தப் பணத்தில் 1911இல் பிறந்ததுதான் சிங்ஹுவா. இன்றைக்கு ஷி ஜின்பிங் உட்படச் சீனத் தலைவர்கள் பலர் படித்த பல்கலைக்கழகம்.

அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் 'நல்ல பூமி' நாவல் 1931இல் வந்தபோதுதான் பல அமெரிக்கர்களுக்குச் சீன விவசாயியும் மழைக்கு வானத்தைப் பார்க்கிற ஆள் என்று தெரிந்தது. ஆனால் அதைப் படமாக எடுத்தபோது கதாநாயகி வேடத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன நடிகை அன்னா மே வோங்கை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார நடிகைக்குக் கண்ணை இழுத்து ஒப்பனை போட்டார்கள். அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

பிறகு ஜப்பான் அமெரிக்காமீது குண்டு போட்டது. ஒரே ராத்திரியில் எல்லாம் மாறியது. நேற்று வரை துரத்தப்பட்டவர் நண்பர். சீனர்கள் "நான் சீனன்" என்று சட்டையில் வில்லை குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள், ஜப்பானியர் என்று நினைத்து அடித்துவிடக் கூடாதே என்று. சீனாவில் பறந்த அமெரிக்க விமானிகளின் மேலங்கியில் ஒரு துணி தைத்திருக்கும். இவர் நமக்காகப் போரிட வந்தவர், கண்டால் காப்பாற்றுங்கள் என்று சீன எழுத்தில் இருக்கும். காப்பாற்றினார்கள். 1942 ஏப்ரலில் டோக்கியோமீது குண்டு போட்டுவிட்டு எரிபொருள் தீர்ந்து சீனாவில் விழுந்த அமெரிக்கத் தளபதி டூலிட்டிலின் படையினரை ஜெஜியாங் கிராமத்தார் ஒளித்து, சுமந்து, ஊர் ஊராகக் கைமாற்றி அனுப்பினார்கள். அதற்காக ஜப்பானிய ராணுவம் அந்த வட்டாரத்தில் கொன்றவர்கள் இரண்டரை லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். டூலிட்டில் கதையை அமெரிக்காவில் படமாக எடுத்தார்கள், புத்தகமாகப் போட்டார்கள். இரண்டரை லட்சம் பேர் அதில் அடிக்குறிப்புக்கும் கீழே.

1943 டிசம்பர் 17 அன்று, 61 ஆண்டுகளுக்குப் பிறகு, தடைச் சட்டம் ரத்தானது. கையெழுத்துப் போட்டவர் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட். அபின் வியாபாரி வாரன் டெலானோவின் மகள் வயிற்றுப் பேரன். கதவு எவ்வளவு திறந்தது தெரியுமா? வருடத்துக்கு 105 பேர். உலகத்தின் எந்த மூலையில் பிறந்த சீனராக இருந்தாலும் அந்த 105க்குள்.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணன். ஒரு டவுன் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம்கூட இல்லை.

1949இல் மாவோ வென்றதும், 1950இல் கொரியாவில் இரு படைகளும் நேருக்கு நேர் மோதியதும், எல்லாம் மறுபடி தலைகீழ். அதற்குப் பிறகான இருபது வருடத்தை ஒரே ஒரு மனிதரைக் கொண்டு சொல்லிவிடலாம். சியன் சுவேசென், பாக்ஸர் பணத்து உதவித்தொகையில் 1935இல் அமெரிக்கா போனவர். கால்டெக்கில் ராக்கெட் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவர். அமெரிக்க ராணுவத்துக்காக ஜெர்மனி போய் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் வான் பிரவுனை விசாரித்தவர். 1950இல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ஐந்து வருடம் கண்காணிப்பில் முடக்கினார்கள். 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் அவர் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டினார். கம்யூனிஸ்ட் என்று துரத்தி, அடுத்தவருக்கு ஏவுகணையைப் பரிசாகக் கொடுத்த கதை இது.

இருபது வருட மௌனம் உடைந்தது ஒரு பஸ்ஸில். 1971 ஏப்ரல், ஜப்பானின் நகோயா, உலக டேபிள் டென்னிஸ் போட்டி. கிளென் கோவன் என்ற 19 வயது கலிபோர்னியப் பையன், நீளமுடி, பயிற்சி முடிந்து தன் அணியின் பஸ்ஸைத் தவறவிட்டுச் சீன அணியின் பஸ்ஸில் ஏறிவிட்டான். உள்ளே அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. அமெரிக்கனோடு பேசினால் ஊரில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், கலாசாரப் புரட்சிக் காலம். பின் இருக்கையிலிருந்து மூன்று முறை உலக சாம்பியன் ஆன ஜுவாங் செதோங் எழுந்து வந்தார். பையில் தேடி ஹுவாங்ஷான் மலைக் காட்சி நெய்த பட்டுத் துணி ஒன்றைக் கொடுத்தார். பையனிடம் திருப்பிக் கொடுக்க ஒரு சீப்புதான் இருந்தது. மறுநாள் அமைதிச் சின்னம் போட்ட டி-ஷர்ட் ஒன்றைத் தேடி வாங்கி வந்து கொடுத்தான். படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அமெரிக்க அணியை அழைக்க வேண்டாம் என்று முதலில் முடிவாகியிருந்தது. மாவோவின் செவிலி பின்னாளில் சொன்ன கதை இது: தூக்க மாத்திரை போட்டபின் தான் சொல்வது எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது மாவோவின் உத்தரவு. அன்று மாத்திரை போட்ட பிறகு, அரைத் தூக்கத்தில், அமெரிக்கர்களைக் கூப்பிடு என்றாராம். செல்லுமா செல்லாதா என்று அவள் திகைத்து, திரும்பக் கேட்டு, பிறகு ஓடிப்போய் போன் செய்தாள். ஏப்ரல் 10 அன்று அமெரிக்க அணி ஹாங்காங் எல்லைப் பாலத்தை நடந்தே கடந்தது. கோவன் ஹிப்பிகளைப் பற்றிச் சீனப் பிரதமர் சூ என்லாயிடமே கருத்துக் கேட்டான். சூ நிதானமாகப் பதில் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கு வந்தார், ஏப்ரலில் வாஷிங்டனுக்கு இரண்டு பாண்டாக்கள் போயின.

கதவு திறந்த வேகத்தைப் பாருங்கள். 1978இல் சில ஆயிரம் மாணவர்களை அனுப்பலாமா என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் கேட்க, பீஜிங்கிலிருந்த அமெரிக்க அறிவியல் ஆலோசகர் நடு இரவில் ஜனாதிபதி கார்ட்டரைத் தொலைபேசியில் எழுப்பினார். தூக்கம் கெட்ட கார்ட்டர் ஒரு லட்சம் பேர்கூட வரட்டும் என்றாராம். அந்த டிசம்பரில் வந்து இறங்கியவர்கள் 52 பேர். 2019-20இல் 3,72,532 பேர். இன்னொரு பக்கம், 1990களின் தொடக்கத்திலிருந்து 82,000க்கும் மேற்பட்ட சீனக் குழந்தைகள் அமெரிக்க வீடுகளுக்குத் தத்துப் போனார்கள், பெரும்பாலும் பெண் குழந்தைகள். ஒற்றைக் குழந்தைக் கொள்கையில் கைவிடப்பட்டவர்கள். 2024இல் சீனா அதை நிறுத்தியது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் இதைவிட நெருக்கமான, இதைவிடச் சங்கடமான உறவு வேறு இருக்க முடியாது.

ஒஹையோவின் மொரெய்ன் ஊரில் 2008இல் மூடிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையைச் சீனாவின் ஃபூயாவோ கம்பெனி வாங்கிக் கார்க் கண்ணாடி செய்யத் தொடங்கியது. பழைய கூலியில் ஏறத்தாழப் பாதிக்கு அமெரிக்கர்கள் வேலைக்குப் போனார்கள். சூளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சீனத் தொழிலாளிகள் கற்றுக்கொடுத்தார்கள், விடுமுறை நாளில் அமெரிக்கர் ஒருவர் அவர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். சங்கம் வைக்க முயன்றார்கள், வாக்கெடுப்பில் தோற்றது. 'அமெரிக்கன் ஃபேக்டரி' என்ற ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். எனக்கு 1867இன் மலை நினைவுக்கு வந்தது. முதலாளி எந்தப் பக்கம், தொழிலாளி எந்தப் பக்கம் என்பது மட்டும் இடம் மாறியிருந்தது.

மிச்சம் நமக்கே தெரியும். வேலை போன ஊர்கள், வரிச் சண்டை, கொரோனா. 2005இல் சீனாவைப் பிடிக்கவில்லை என்ற அமெரிக்கர்கள் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் 35 சதவீதம், 2023இல் 83 சதவீதம். பல தலைமுறையாக அங்கேயே வாழும் சீன வம்சத்து முதியவர்களைத் தெருவில் தள்ளிவிட்டு ஊருக்குப் போ என்றார்கள். எந்த ஊர்? அவர்களுக்குத் தெரிந்த ஊரே சான் பிரான்சிஸ்கோ. சீன மாணவர் எண்ணிக்கை 2023-24இல் 2,77,398 ஆக இறங்க, 3,31,602 பேரோடு இந்திய மாணவர்கள் முதலிடத்துக்குப் போனார்கள். சீனாவில் படிக்கும் அமெரிக்கர்கள் பதினோராயிரத்திலிருந்து சில நூறுக்கு வந்தார்கள்.

அண்ணனுக்கு நான் கடைசியாகச் சொன்னது 2025 ஜனவரியில் நடந்தது. அமெரிக்காவில் டிக்டாக்கைத் தடை செய்யப்போகிறார்கள் என்றதும் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் வீம்புக்கு, அசல் சீனச் செயலியான சியாவ்ஹோங்ஷூவில் போய் ஏறினார்கள். அது சீனர்கள் தங்களுக்குள் சமையலும் அழகுக் குறிப்பும் பேசுகிற இடம். வந்தவர்களிடம் நுழைவு வரியாகப் பூனைப் படம் கேட்டார்கள். பிறகு ஒருவருக்கொருவர் கேட்டது எல்லாம் வீட்டுக் கணக்கு. முட்டை என்ன விலை, வாடகை எவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு உண்மையிலேயே அவ்வளவு பணமா, நிஜமாகவே இரண்டு வேலை பார்க்கிறீர்களா. சீனப் பிள்ளைகள் தங்கள் ஆங்கில வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போட்டு உதவி கேட்டார்கள். அமெரிக்கர்களுக்கே சில விடை தெரியவில்லை.

அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. லீ ஹுவா. சீனாவின் ஆங்கிலத் தேர்வுத்தாளில் வரும் கற்பனை மாணவன். "உன் பெயர் லீ ஹுவா. உன் வெளிநாட்டு நண்பனுக்குக் கடிதம் எழுது" என்பது கேள்வி. உடம்பு எப்படி இருக்கிறது, எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வா, பள்ளிக்கூட நூலகம் பற்றிச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பெயரில் கடிதம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். பதில் வராது என்று தெரிந்தே எழுதிய கடிதங்கள். அந்த வாரம் அமெரிக்கர்களுக்கு விஷயம் தெரிந்ததும் பதில் எழுத ஆரம்பித்தார்கள். அன்புள்ள லீ ஹுவா, கடிதம் கிடைத்தது, தாமதத்துக்கு மன்னிக்கவும், அம்மா சௌக்கியமா என்று. சீனாவில் நாற்பது வயதுக்காரர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் கண் கலங்கியதாக எழுதினார்கள்.

"அப்புறம்?" என்றார் அண்ணன், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

டிக்டாக் ஒரே நாளில் திரும்ப வந்துவிட்டது அண்ணே. நிறையப் பேர் போய்விட்டார்கள். சிலர் அங்கேயே இருக்கிறார்கள்.